எடை பத்தாத மூன்று

நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் போன வாரம் உங்களில் ஒருத்தி போட்ட படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பேத்திக்காக வாங்கிய வெள்ளை எலி குட்டி போட்டிருக்கிறது. ரோஜா நிறத்தில் நெளிகிற குட்டிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதிதான் இருக்கிறது. இதை வளர்ப்பதா, கழித்துவிடுவதா என்று கேட்டிருந்தாள். ஆண்டவன் விட்ட வழி என்றார் ஒருவர். பூனைக்குப் போடச் சொன்ன இன்னொருவர், கூடவே சிரிக்கிற பொம்மை முகத்தையும் போட்டிருந்தார். நான் எதுவும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை அந்தச் சின்னத் திரையில் கட்டைவிரலால் தட்டிச் சொல்ல முடியாது. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு படியுங்கள்.

என் அப்பாவுக்கு எலி வேலை என்பது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். குன்னூரில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு கூடத்தில், பிராணிகள் அறையில் உதவியாளாக இருந்தார். மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பினாயிலும் மரத்தூளும் ஊறவைத்த கடலையும் கலந்த ஒரு வாசனை கூடவே வரும். அந்த வாசனை என் ஸ்வெட்டரிலும் ஏறியிருக்கிறது என்று என் பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே இரண்டு பேர் இருக்கிறீர்கள். கோபமெல்லாம் இல்லை. வாசனை இருந்தது உண்மைதான்.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதே, ரயில் பாதையில் மண் விழுந்து வண்டி ஓடாமல் நின்றதே, அந்த மழையில் அப்பா வேலை பார்த்த அறையின் பின்சுவரும் மண்ணோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. முயல்களையும் கினி பன்றி என்கிற சீமைப் பெருச்சாளிகளையும் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். குட்டி போட்டிருந்த தாய் எலிகளுக்குத்தான் இடமில்லை. அவற்றுக்குக் குளிரும் ஆகாது, சத்தமும் ஆகாது. சுவர் எழும்புகிற வரை வேலையாட்கள் ஆளுக்குச் சில பெட்டிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள்.

அப்பா தகரப் பெட்டிகளைச் சாக்குப் போட்டு மூடி, நனையாமல் சுமந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே கம்பி வலை. வலையில் தலைகீழாகச் செருகிய தண்ணீர்ப் புட்டி. அதிலிருந்து வளைந்து இறங்கும் கண்ணாடிக் குழாயின் நுனியில் எப்போதும் ஒரு சொட்டு நிற்கும், விழாது. நானும் தம்பியும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள எலி வரக்கூடாதுன்னுதான் நான் கண்ணாடித் தூளும் சிமெண்டும் வெச்சுப் பொந்து பொந்தா அடைச்சுட்டு இருக்கறேன். நீங்க பொட்டியில போட்டு எடுத்துட்டு வர்றீங்க."

அப்பா குறைவாகப் பேசுகிறவர். சுவர் கட்டி முடிக்கும் வரைதான் என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டிகளை முன்னறையில் கும்மட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். கும்மட்டி நம் எல்லார் வீட்டிலும் இருந்தது. கரி போட்டு மூட்டுகிற இரும்புச் சட்டி. வீட்டில் அதுதான் ஒரே சூடான இடம். அதுவரை அங்கே கால் நீட்டி உட்கார்ந்தவர்கள் நானும் தம்பியும். அந்த இடம் எலிகளுக்குப் போனது.

அம்மா முதல் வாரம் பெட்டிகளைப் பார்க்கவே மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போவாள். அந்தத் திருப்பலை மாற்றியது எது என்று எனக்குத் தெரியும். ஒரு தாய் எலி, கூட்டை விட்டு நழுவிய குட்டியை வாயால் கவ்வித் தூக்கிப் போய் மற்றவற்றோடு சேர்த்தது. பிறகு வாயால் மரத்தூளை இழுத்து இழுத்துக் குட்டிகளை மூடியது. கையில் சீப்போடு நின்ற அம்மா என் ஒரு பக்கச் சடையைப் பாதியிலேயே விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தன் பழைய பாவாடைத் துணியைக் கிழித்து அந்தப் பெட்டிக்குள் போட்டாள்.

அதற்குள் அப்பாவின் வேலையில் ஒரு பகுதியை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டி வந்தது.

பிரசவமான பெட்டியை ஓரிரு நாள் கழித்து அவர் திறப்பார். குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். சிறுத்துப் போனதைத் தனியே எடுத்துத் தன் கம்பளிக் குல்லாவுக்குள் வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போவார். அங்கே மூடி போட்ட கண்ணாடிச் சாடியும் மயக்க மருந்தில் நனைத்த பஞ்சும் இருந்தன. திரும்பி வரும்போது குல்லா காலியாக இருக்கும். இதற்குக் கூடத்தில் சொல்கிற சொல் கழிப்பது. பால் மறந்த பிறகு இன்னொரு சோதனை உண்டு. ஒவ்வொன்றையும் தராசில் நிறுப்பார்கள். குறித்த எடை இருந்தால் கூடத்துக்குப் போகும். இல்லாவிட்டால் அதையும் கழித்துவிட வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் மருந்தின் பலன் சரியாகத் தெரியும் என்பது காரணம்.

எனக்கும் தம்பிக்கும் அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் காலைகளில் அவர் எதுவும் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விடுவார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பஸ் எப்போதும்போல அதே நேரத்துக்குத்தான் வந்தது என்பது, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது முறை அவர் குல்லாவை எடுத்தபோது அம்மா குறுக்கே நின்றாள். பிறந்த எதையும் தன் வீட்டில் வைத்துக் கொல்லக் கூடாது என்றாள். சின்னதாக இருப்பது ஒரு குற்றமா என்று கேட்டாள். அப்பா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். தாய்க்கு இருக்கிற பால் கொஞ்சம்தான். பெரியவை முட்டித் தள்ளும்போது சின்னதற்குக் காம்பு கிடைக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்து போவதைவிட முதல் நாளே போவது அதற்கு நல்லது. அம்மா கேட்கவில்லை.

"எடை போடற அன்னிக்கு வரைக்கும் விட்டுப் பாருங்க. நான் பாத்துக்கறேன்."

அப்பா குட்டியைக் கூட்டிலேயே திரும்ப வைத்தார். தாய் இளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மா எலிப் பண்ணைக்காரி ஆகிவிட்டாள். கொழுத்த குட்டிகளைக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் வேறொரு டப்பாவில், கும்மட்டிச் சூட்டில், துணியில் சுற்றி வைப்பாள். அந்த நேரம் முழுக்கத் தாய் சின்னவற்றுக்கு மட்டும். "பெருசுகளுக்கு லீவு உட்டாச்சு" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்தால், சின்னது பால் குடித்து முடிக்கட்டும் என்று வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். கண் திறந்த பிறகு வர்க்கி பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து என் இங்க் பில்லரால் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பேனாவுக்கு மை போடுகிற அந்த ரப்பர்த் தலைக் கண்ணாடிக் குழாயைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எனக்கு வேறு வாங்கித் தரவில்லை. அந்தப் பருவம் முழுக்க உங்கள் பில்லர்களைக் கடன் வாங்கித்தான் எழுதினேன்.

இப்போது, படம் போட்டவளின் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா காப்பாற்ற நினைத்தவற்றில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. தாயைத் தனியாக விட்டாலும் அது காம்பைத் தேடாது. மூச்சு விடும்போதெல்லாம், கடிகாரம் ஓடுவதுபோல மெல்லிய சத்தம் வரும். அம்மா அதைக் காதோரம் வைத்துக் கேட்பாள், உள்ளங்கையில் வைத்து ஊதுவாள், தன் ரவிக்கைக்குள் வைத்துச் சூடு கொடுப்பாள். அது சாகவும் இல்லை, வளரவும் இல்லை. தோல் சுருங்கி, நாளுக்கு நாள் கிழவன் முகமாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலை, அது வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய், முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"இதை மட்டும் எடுத்துட்டுப் போயிருங்க. நாந்தான் இதைக் கஷ்டப்படுத்திட்டு இருக்கறேன்."

அப்பா முகத்துச் சோப்பு நுரையைக்கூடத் துடைக்காமல் அதை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் புதிதாகப் பிறந்த வேறொரு குட்டியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அம்மாவுக்கு வயிற்றைக் காட்டினார். பிறந்த சில நாட்களுக்குத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். பால் குடித்த குட்டியின் வயிற்றில், இடது பக்கம், ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். உள்ளே இருக்கிற பால்தான் அது. அந்தப் பட்டை இருந்தால், எவ்வளவு சின்னதானாலும் அது பிழைக்கப் பார்க்கிறது, உதவி செய்யலாம். பட்டையே இல்லாமல் மூச்சிலும் சத்தம் இருந்தால், நாம் இழுத்துப் பிடிப்பது நமக்காக, அதற்காக அல்ல. இதை அப்பா இத்தனை வார்த்தைகளில் சொல்லவில்லை. விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அந்த வீட்டில் ஒரு சண்டையும் வரவில்லை. பிரசவமான பெட்டியை இருவரும் சேர்ந்தே ஜன்னலோரம் கொண்டுபோய்த் திறந்தார்கள்.

நடுவில் கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் சபையின் பாட்டுக்காரர்கள் மேளத்தோடும் கிதாரோடும் வீடு வீடாக வந்தார்கள். பெரிய சத்தம் கேட்டால் தாய் எலி மிரண்டுபோய்த் தன் குட்டிகளையே கடித்துவிடும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அன்று அவர் வீட்டில் இல்லை. அம்மா வாசல் கேட் வரைக்கும் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள், மேளம் வேண்டாம், மெதுவாகப் பாடுங்கள் என்றாள். அவர்கள் குசுகுசுவென்று தாலாட்டுப் போலப் பாடிவிட்டுப் போனார்கள். மறுநாள் சபைப் பெண்கள் மூன்று பேர் பூண்டும் கருப்பட்டியும் குழந்தைச் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்து, தாய் எங்கே, பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒரு பெண் சிலேட்டில் எழுதுகிற குச்சி கிறீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டாள். மற்ற இருவரும் குனிந்து பார்த்து, கண்ணெல்லாம் சிவப்பாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கின்றன என்றார்கள். கருப்பட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. குழந்தைச் சோப்பில் நானும் தம்பியும் குளித்தோம்.

தை பிறப்பதற்குள் சுவர் எழும்பிவிட்டது. எலிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. அம்மா கை வைத்து வளர்த்த சின்னவற்றில் மூன்று மிஞ்சியிருந்தன. பெட்டி மாறாமல் இருக்க அப்பா மஞ்சள் மருந்தால் அடையாளம் வைத்திருந்தார். ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். தலை மஞ்சள், முதுகு மஞ்சள், வால் மஞ்சள் என்று நாங்கள் கூப்பிடுவோம். மூன்றும் பெண். கடைசி வாரங்களில் கேத்தி கேரட்டும் கடலையும் தின்று உருண்டிருந்தன. எடை போடுகிற நாளில் இவை தேறிவிடும் என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தம்பி சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு, கூடத்துக்குப் போன பிறகு மூன்றும் ஒரே பெட்டியில் இருக்குமா, நாம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்க இதுகளை என்னங்க பண்ணுவாங்க?"

இத்தனை வருஷம் எலிக்காரரோடு குடித்தனம் நடத்தியவள் ஏன் அதுவரை கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். கேட்காமல் இருப்பதும் ஒரு குடித்தனம்தான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மருந்தை ஏற்றிப் பார்ப்பார்கள், கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், பிறகு உள்ளே எப்படி இருக்கிறது என்று அறுத்துப் பார்ப்பார்கள் என்றார். எந்த எலியும் அங்கிருந்து திரும்பி வருவதில்லை.

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் அவனுக்குத் தொண்டை அடைப்பான் வந்து, மூச்சு இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியால் பிழைத்திருந்தான்.

"இவனுக்குப் போட்ட மருந்துமா?"

"எல்லா மருந்தும்தான் புள்ள."

அதற்குப் பிறகு அவள் என்ன சொல்ல முடியும்? எடை தேறினால் அங்கே போய்ச் சாகும். தேறாவிட்டால் இங்கே சாடிக்குள் சாகும். தேறட்டும் தேறட்டும் என்று தானேதான் ஊட்டினாள். மறுநாள் முழுக்க அவள் வேலைகளைச் செய்துகொண்டே இருந்தாள். பில்லரை எடுத்தாள், கீழே வைத்தாள். கடைசியில், பசித்த முகத்தோடு வலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வால் மஞ்சளுக்கு ஊட்டத்தான் செய்தாள். இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள் என்று அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. மற்ற எலிகளும் தாய் பெற்றவைதானே என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

நிறுக்கிற அன்று காலை வண்டி வந்து மேலே ரோட்டில் நின்றது. அப்பா முன்னறை ஜன்னலோரம் தராசை வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எடையில் அவர் ஒரு கிராம் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதனால்தான் அந்த வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள். பெரிய குட்டிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. "பத்தும்" என்பார், தம்பி வாங்கிப் பெட்டியில் விடுவான்.

கடைசியில் தலை மஞ்சளை வைத்தார். தராசின் மேல் குனிந்தபடியே இருந்தார்.

"பத்தாது" என்றார்.

முதுகு மஞ்சள். பத்தாது. வால் மஞ்சளை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டார். அதுவும் பத்தாது.

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அத்தனை சொட்டுப் பாலும் வீணாகப் போயிற்றே என்ற முகம். அப்பா மூன்றையும் ஒரு பழைய தகரப் பெட்டியில் விட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மற்றப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஏறினார். மூன்று கழிந்தது என்று அவர் வண்டிக்காரரிடம் சொன்னதை, பின்னால் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன நான் கேட்டேன்.

சாயங்காலம் வந்தது. நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா காப்பி குடித்தார், ரேடியோ கேட்டார், படுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலமும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவரே பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, கும்மட்டிப் பக்கம் வைத்துவிட்டு, கடலை ஊறப் போட்டாயா என்று அம்மாவைக் கேட்டார். அதைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் கெட்டுப்போய்விடும் என்று பயம்.

மூன்றும் எலிக்கு உண்டான ஆயுளை வாழ்ந்தன. உறைபனி விழுகிற காலைகளில் அம்மாவின் சால்வைக்குள் புகுந்துகொள்ளும். கடைசியாகப் போனது வால் மஞ்சள். நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை அது. பின்பக்கம் பட்டாணிச் செடிக்குப் பக்கத்தில் அப்பா குழி தோண்டினார். அம்மா பழைய துணியில் சுற்றிக் கொடுத்தாள். மண்ணை மூடிவிட்டுக் கை கழுவும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்.

"அன்னிக்கு மூணுமே எடை இருந்துச்சு புள்ள. தலை மஞ்சள் கொஞ்சம் கூடுதலாவே இருந்துச்சு."

அம்மா சொம்பிலிருந்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவது நின்றது.

"இத்தன நாளா சொல்லலீங்களே."

"சொன்னா நீ லைன் வீடு பூரா பெருமை பேசீருவே. எம்பட வேலை போயிருக்கும்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சொம்பைக் கையில் பிடித்தபடியே அந்தப் பட்டாணிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் ஊட்டுனது பத்துச்சுங்களா?"

"பத்துச்சு புள்ள" என்றார் அப்பா.